கேஸ் கம்மி என்கிறார்கள், முள்ளோ மேலே நிற்கிறது: கார் ஏசிக்கு இன்னும் அரை கேன் போடலாமா?

#1 நாலாம்கியர்

வணக்கம் நண்பர்களே. பத்து வருட ஹேட்ச்பேக். நெடுஞ்சாலையில் ஓடும்போது ஏசி ஜில்லென்று இருக்கிறது. சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் வெறும் காற்றுதான். போன வருடம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். வென்ட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு "கேஸ் கம்மி" என்று போட்டுக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் பரவாயில்லை போலத் தோன்றியது. மறுபடி போனேன், மறுபடி கேஸ். இப்போது முன்பைவிட மோசம்.

இந்த முறை நானே போட்டுக்கொள்ளலாம் என்று கேஜ் வைத்த ஹோஸும் ஒரு கேன் ஆர்-134ஏயும் (கார் ஏசி கேஸ்) வாங்கி வந்துவிட்டேன். தடித்த குழாயில் இருக்கும் போர்ட்டில் மாட்டினேன். இன்ஜின் ஓடுகிறது, ஏசி முழு வேகம், முள் 55 பிஎஸ்ஐயில் (அழுத்த அளவு) நிற்கிறது. கேனை இன்னும் திறக்கவில்லை. அரை கேன் போதுமா, முழுசும் போடலாமா?

இன்னொன்று. மாமா பையன் வீட்டு ஏசி வேலை பார்க்கிறான். அவனிடம் ஆர்-22 சிலிண்டர் இருக்கிறதாம், காரில் அடித்தால் இன்னும் ஜில்லென்று வரும் என்கிறான். உண்மையா?

#2 பழையஸ்பேனர்

தம்பி, கேனைத் திறக்காதே. நீ எழுதியதிலேயே பதில் இருக்கிறது.

கேஸ் கம்மியாக இருந்தால் முள் கீழே இருக்கும். 20, 15 என்று விழுந்து, கம்ப்ரசரை பெல்ட்டோடு சேர்க்கும் கிளட்ச் டக், டக் என்று சில நொடிக்கு ஒருமுறை விழுந்து எழும். உனக்கு 55. 134ஏக்கு அந்த அழுத்தத்தில் கொதிநிலை சுமார் 15 டிகிரி. அதாவது காற்றைக் குளிர வைக்கும் காயில், உள்ளே இருக்கும் எவாப்பரேட்டரே, 15 டிகிரியில்தான் இருக்கிறது. அதைத் தொட்டு வரும் காற்று அதற்குக் கீழே எப்படிப் போகும்? நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் அந்த முள் 30 பக்கத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் காயில் இரண்டு மூன்று டிகிரிக்கு வரும்.

ஓடினால் ஜில், நின்றால் சூடு என்றால் முதல் சந்தேகம் கேஸ் மேல் வராது. கேஸின் சூட்டை வெளியே விட முன்னால் இருக்கும் கண்டென்சருக்குக் காற்று போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஏசியைப் போட்டுவிட்டு பானட்டைத் திற, ஃபேன் சுற்றுகிறதா பார். சுற்றுகிறது என்று மட்டும் எழுதாதே. எப்போது ஆரம்பிக்கிறது, எத்தனை வேகம் என்று பார்த்து எழுது.

ஆர்-22 பற்றி அப்புறம் எழுதுகிறேன். இப்போதைக்கு அந்த மாமா பையனைக் கார் பக்கம் விடாதே.

#3 கேஜ்ராஜா

ஸ்பேனர் அண்ணே, எதற்கு இவ்வளவு? 55 என்றால் கொஞ்சம் வெளியே விட்டு 35க்குக் கொண்டு வந்தால் முடிந்தது. நான் பதினைந்து வருடமாக முள்ளைப் பார்த்துத்தான் கேஸ் போடுகிறேன். எந்த வண்டியும் திரும்பி வந்ததில்லை.

#4 பழையஸ்பேனர்

திரும்பி வராத வண்டி எல்லாம் சரியான வண்டி என்று அர்த்தமில்லை ராஜா. வேறு கடைக்குப் போயிருக்கும் :)

முள்ளைப் பார்த்து கேஸ் போடுவதில் இருக்கும் ஓட்டையைச் சொல்கிறேன். 30 டிகிரி நிழலில் ஒரு வண்டி இரவெல்லாம் நின்றிருக்கிறது. இன்ஜின் ஆஃப். இரண்டு பக்கமும் கேஜ் மாட்டினால் 97 பிஎஸ்ஐ சுமாருக்குக் காட்டும். உள்ளே 300 கிராம் இருந்தாலும் அதேதான், 800 கிராம் இருந்தாலும் அதேதான். ஒரு சொட்டு திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை, அளவு இல்லை. சமையல் சிலிண்டரில் பாதி தீர்ந்தாலும் அடுப்பு அதே வேகத்தில் எரிகிறதே, அதே கதைதான். அதனால்தான் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறோம், முள்ளைப் பார்ப்பதில்லை.

ஓடும்போதும் அந்த முள் கேஸை மட்டும் சொல்லாது. வெளி வெப்பம், ஈரப்பதம், ஃபேன், இன்ஜின் வேகம், கம்ப்ரசரின் வயசு எல்லாம் சேர்ந்து ஒரு எண். நிலையான கொள்ளளவு கம்ப்ரசராவது ஓரளவு உண்மை பேசும். இப்போது வரும் மாறும் கொள்ளளவு கம்ப்ரசர் தானே தன் ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் நகரும் தூரத்தை, கூட்டிக் குறைத்துக்கொள்ளும். கேஸ் 30 சதவீதம் குறைந்த பிறகும் லோ சைடு (கம்ப்ரசருக்குத் திரும்பும் தடித்த குழாய்) முள் அழகாக 30இல் நிற்கும். அதைப் பார்த்து "பிரமாதம்" என்று பானட்டை மூடுவோம்.

சரியான வழி ஒன்றே ஒன்றுதான். உள்ளே இருப்பதை மெஷினில் முழுக்க எடு, வேக்யூம் போடு, ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராமை தராசில் நிறுத்து உள்ளே விடு. சின்ன வண்டிக்கு 400 முதல் 600 கிராமுக்குள் எங்கோ இருக்கும். பழைய காலத்தில் ஒரு கிலோவுக்கு மேல் பிடித்த வண்டிகள் உண்டு, 100 கிராம் முன்னே பின்னே போனால் தெரியாது. இப்போதைய மெல்லிய கண்டென்சரில் 100 கிராம் என்பது கால் பங்கு.

அப்புறம், வெளியே விடு என்றாயே. 134ஏயின் ஒரு கிலோ, நூறு வருடக் கணக்கில் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். பல நாடுகளில் காற்றில் விடுவது சட்டப்படியே குற்றம்.

#5 நாலாம்கியர்

இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். ஏசி போட்டதும் கிளட்ச் சத்தம் கேட்கிறது, ஆனால் ஃபேன் அசையவே இல்லை! ஐந்து ஆறு நிமிடம் கழித்து திடீரென்று ஹோ என்று முழு வேகத்தில் சுற்றியது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. இதுதான் வழக்கம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஸ்டிக்கர் ரேடியேட்டருக்கு மேலே இருக்கும் தகட்டில் இருக்கிறது. அழுக்கைத் துடைத்தால் "ஆர்-134ஏ, 470 கிராம்" என்று படிக்க முடிகிறது. கீழே ஆயில் பெயர் பிஏஜி 46.

#6 கரண்ட்கம்பி

ஃபேன் ஹை ஸ்பீடு உயிரோடு இருக்கிறது, லோ ஸ்பீடு செத்துவிட்டது. இரண்டு வேக ஃபேனில் லோ ஸ்பீடு ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகும். அது எரிந்து போவது சர்வ சாதாரணம். ஃபேன் கூட்டிலேயே ஸ்க்ரூ போட்டு மாட்டியிருப்பார்கள். பீங்கான் மாதிரி வெள்ளையாகவோ சுருள் கம்பியாகவோ இருக்கும். மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்துப் பாருங்கள். திறந்த சுற்று, அதாவது கம்பி அறுந்திருக்கிறது என்று காட்டினால் கதை முடிந்தது.

ஃபேன் தானாகச் சுற்றும் என்பதை மறக்காமல், சாவியை எடுத்துவிட்டு பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகு கையை வையுங்கள்.

#7 சும்மாவந்தவன்

அப்போ ரெண்டு தடவை போட்ட கேஸ் எல்லாம் எங்கே போச்சு?

#8 பழையஸ்பேனர்

எங்கேயும் போகவில்லை, உள்ளேயேதான் இருக்கிறது என்பது என் சந்தேகம். மெஷினில் எடுத்துப் பார்த்தால் தெரியும்.

சரி, ஆர்-22 விஷயம். மாமா பையன் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆர்-22 மைனஸ் 41 டிகிரியில் கொதிக்கும், 134ஏ மைனஸ் 26இல். ஆனால் இது எது அதிகம் ஜில் என்ற போட்டி இல்லை. கண்டென்சர் 60 டிகிரிக்குப் போகும் வெயிலில் 134ஏயின் அழுத்தம் 230 பிஎஸ்ஐ சுமார். அதே 60 டிகிரியில் ஆர்-22க்கு 340 சுமார். வீட்டு ஏசியின் ஆர்-410ஏ என்றால் 500ஐத் தாண்டும். கார் ஹோஸ் ரப்பரும், கம்ப்ரசர் ஷாஃப்ட் சீலும், கேஸைக் குறுகிய துளையில் விடும் எக்ஸ்பான்ஷன் வால்வும் 134ஏக்காக அளந்து செய்தவை. வீட்டு ஏசியில் கம்ப்ரசர் மூடிய டப்பாவுக்குள் இருக்கிறது, குழாய் முழுக்கச் செம்பு. காரில் பெல்ட்டில் சுற்றும் கம்ப்ரசர், ஆடும் இன்ஜின், நடுவில் ரப்பர் ஹோஸ். இரண்டும் வேறு சாதி.

இரண்டு கேஸ் கலந்துவிட்டால் இன்னொரு தலைவலி. எந்த அழுத்த அட்டவணையும் பொருந்தாது. நல்ல ஒர்க்‌ஷாப் தன் மெஷினில் உன் வண்டியை மாட்டவே மாட்டான். மாட்டினால் அவன் டேங்கில் இருக்கும் மொத்த கேஸும் கெடும்.

#9 பச்சைஓரிங்

இதே இழையில் ஒரு சந்தேகம், மன்னிக்கவும். என் வண்டி புதுசு, ஸ்டிக்கரில் ஆர்-1234ஒய்எஃப். அந்தக் கேஸ் கிடைப்பதும் கஷ்டம், விலையும் ஏகப்பட்டது. 134ஏ ஹோஸை இதில் மாட்ட ஒரு அடாப்டர் கிடைக்கிறது. அழுத்தம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதானே, போட்டால் என்ன?

#10 பழையஸ்பேனர்

அழுத்தம் ஒன்றாக இருப்பதுதான் ஆபத்தே. 30 டிகிரியில் ஒன்று 97, இன்னொன்று 99. கேஜ் வைத்து எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. நீ 134ஏ போட்டுவிட்டு வண்டியை விற்றால், வாங்கியவனின் மெக்கானிக் ஸ்டிக்கரை நம்பித் தன் மெஷினை மாட்டுவான்.

போர்ட்டின் வடிவத்தை வேண்டுமென்றே மாற்றி வைத்திருக்கிறார்கள், ஒன்றின் கப்ளர் (ஹோஸ் முனை) இன்னொன்றில் ஏறக் கூடாது என்று. அடாப்டர் வாங்க வேண்டியிருக்கிறது என்றாலே ஏதோ தப்பாகச் செய்கிறோம் என்று புரிந்துகொள். ஆயிலும் வேறு. இரண்டும் பிஏஜிதான், ஆனால் ஒய்எஃப் கேஸுக்கான பிஏஜியில் சேர்மானம் வேறு. பல நாடுகளில் இப்படி மாற்றுவதற்குச் சட்டத்திலும் இடமில்லை.

ஏன் மாற்றினார்கள் என்று கேட்பாய். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் ஒரு ஆணை போட்டது. கார் ஏசி கேஸின் புவி வெப்பமாக்கும் எண் 150க்குள் இருக்க வேண்டும் என்று. 2017 ஜனவரி முதல் அங்கே விற்கும் எல்லாப் புதுக் காருக்கும் அது கட்டாயம். 134ஏக்கு 1,430, ஒய்எஃப்புக்கு 4. அவ்வளவு வித்தியாசம். ஒய்எஃப் லேசாகத் தீப்பிடிக்கும் வகை என்பதும் உண்மை. 2012இல் டெய்ம்லர் நிறுவனம் தன் சோதனையில் தீப்பிடித்தது என்று பெரிய சண்டையே போட்டது. அந்த விவாதம் எப்படியோ போகட்டும், மெழுகுவர்த்தி ஏற்றி லீக் தேடும் பழைய பழக்கத்தை எந்தக் கேஸிலும் விட்டுவிடுங்கள்.

#11 வெண்கலமணி

என்னுடையது 1988 மாடல், அப்பாவின் வண்டி. ஆர்-12. கப்ளர் கிடையாது, திருகி மாட்டும் போர்ட். 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு ஓசோனுக்காக ஆர்-12ஐ நிறுத்தினார்கள், தொண்ணூறுகளின் நடுவில் கார்கள் எல்லாம் 134ஏக்குப் போய்விட்டன. நான் மாற்றியபோது செய்த தப்பை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

போர்ட்டுக்கு அடாப்டர் போட்டு, 134ஏ அடித்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். ஆறு மாதத்தில் கம்ப்ரசர் கீச்சென்று கத்தி இறுகிவிட்டது. பழைய மினரல் ஆயில் 134ஏயில் கரையாது. கேஸ் சுற்றிச் சுற்றி வரும், ஆயில் ஏதோ ஒரு மூலையில் தேங்கி நிற்கும். கம்ப்ரசர் வறண்டு செத்தது. இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்தேன்: எல்லாவற்றையும் கழுவி, எஸ்டர் ஆயில், ஈரத்தை உறிஞ்சும் புது டிரையர், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் எல்லாம் புதுசு. ஆர்-12 அளவில் 85 சதவீதத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். இப்போது மோசமில்லை, ஆனால் ஆர்-12 காலத்து ஜில் இல்லை. கண்டென்சர் சின்னது.

#12 வாயுபகவான்

ஹைட்ரோகார்பன் கலவை போடுங்கள் சார். ப்ரொப்பேன், ஐசோபியூட்டேன். மினரல் ஆயிலோடும் ஒத்துப்போகும், ஜில்லும் பிரமாதம், எடையும் பாதிதான் பிடிக்கும். பூமிக்கும் நல்லது. வீட்டு ஃபிரிட்ஜில் இப்போது ஐசோபியூட்டேன்தான் ஓடுகிறது, யார் வீடு வெடித்தது?

#13 பச்சைஓரிங்

ஃபிரிட்ஜ் எதிலும் போய் மோதாதே :)

#14 பழையஸ்பேனர்

பச்சைஓரிங் ஒரே வரியில் முடித்துவிட்டார். வாயுபகவான் சொல்வதில் குளிர்ச்சி பற்றியது எல்லாம் சரி. ஆனால் ஃபிரிட்ஜில் இருப்பது சில பத்து கிராம், பற்றவைத்து மூடிய குழாய். காரில் கண்டென்சர் பம்பருக்குப் பின்னால் முதல் ஆளாக நிற்கிறது, எவாப்பரேட்டர் நம் முழங்காலுக்கு எதிரே இருக்கிறது. லீக் ஆனால் மூடிய கேபினுக்குள் வரும். அதற்கென்று வடிவமைக்காத வண்டியில் நான் போடமாட்டேன், அடுத்தவனுக்கும் சொல்லமாட்டேன்.

கேஸ் பெயரை நம்பி ஏமாறும் இன்னொரு கதையும் உண்டு. 134ஏ என்று லேபிள் ஒட்டி ஆர்-40, அதாவது மெத்தில் குளோரைடு, விற்றிருக்கிறார்கள். அது அலுமினியத்தோடு சேர்ந்தால் காற்றுப் பட்டதும் தானாகத் தீப்பிடிக்கும் சேர்மமாக மாறும். 2011இல் கப்பல்களில் போகும் குளிர்சாதனக் கண்டெய்னர்கள் இதனால் வெடித்து ஆட்கள் செத்தார்கள். கார் ஏசியில் முக்கால்வாசி அலுமினியம்தான். அதனால் நல்ல ஒர்க்‌ஷாப்பில் முதலில் ஐடென்டிஃபையர் என்ற கருவியை மாட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். அது இருக்கிறதா என்று கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

#15 மின்னல்வண்டி

ஹைப்ரிட், மின்சார வண்டி வைத்திருப்பவர்கள் கேன் பக்கமே போக வேண்டாம். அதில் கம்ப்ரசர் மோட்டார் கேஸுக்கும் ஆயிலுக்கும் நடுவில்தான் சுற்றுகிறது, நூற்றுக்கணக்கான வோல்ட்டில். மின்சாரம் கடத்தாத பிஓஇ ஆயில் வேண்டும். சாதா கேனில் வரும் பிஏஜி கொஞ்சம் கலந்தாலும் காப்புத் திறன் விழும், வண்டி பிழை காட்டி நின்றுவிடும். ஒர்க்‌ஷாப் மெஷினின் ஹோஸில் முந்தைய வண்டியின் ஆயில் இருந்தாலே பிரச்சினை.

#16 நாலாம்கியர்

அப்டேட். ரெசிஸ்டரைக் கழற்றினேன். ஒரு பக்கம் கம்பி கருகி இரண்டாகப் பிரிந்திருந்தது. கரண்ட்கம்பி சார், நீங்கள் சொன்ன அதே இடம், அதே வெள்ளைப் பீங்கான். புதுசு மாட்டியதும் ஏசி போட்ட உடனே ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. முள் 55இல் இருந்து 47க்கு வந்தது. பழையபடி வெறும் காற்று இல்லை, ஆனால் முழு ஜில்லும் இல்லை.

#17 பழையஸ்பேனர்

47 என்றால் அழுத்தம் இன்னும் அதிகம். இப்போது மெஷினுக்குப் போ. மூன்று விஷயம் கேள். எத்தனை கிராம் வெளியே வந்தது என்று எழுதி வாங்கு. வேக்யூம் அரை மணி நேரமாவது ஓடட்டும். பம்ப்பை நிறுத்திய பிறகு முள் நிற்கிறதா என்று கால் மணி நேரம் பார்க்கச் சொல்.

வேக்யூம் என்பது காற்றை எடுக்க மட்டும் இல்லை. போன முறை கேன் ஹோஸில் இருந்த காற்றை முதலில் ஊதி வெளியேற்றாமல் மாட்டியிருந்தால் அந்தக் காற்றும் ஈரமும் உள்ளே போயிருக்கும். காற்று கண்டென்சரில் போய் உட்கார்ந்துகொண்டு நகராது, ஹை சைடு (கம்ப்ரசரில் இருந்து கண்டென்சர் போகும் பக்கம்) அழுத்தம் ஏறும். ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறையும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும். ஆழ்ந்த வேக்யூமில் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும்.

வேக்யூமில் முள் அசையாமல் நின்றது என்பதற்காக லீக் இல்லை என்று சத்தியம் செய்துவிடாதே. வேக்யூமில் காற்று உள்ளே இழுக்கும் அழுத்தம் 15 பிஎஸ்ஐகூட இல்லை, ஓடும்போது உள்ளிருந்து தள்ளுவது 200. சில ஓ-ரிங் ஒரு திசையில் பிடிக்கும், மறு திசையில் விடும். சந்தேகம் இருந்தால் உலர்ந்த நைட்ரஜன் அடித்து சோப்பு நுரை வைக்கச் சொல். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை வைத்து சோதிக்க விடாதே. 134ஏயும் காற்றும் கலந்து அழுத்தத்தில் இருந்தால் எரியக்கூடியது.

#18 சும்மாவந்தவன்

லீக்கை அடைக்கும் சீலன்ட் கலந்த கேன் கிடைக்கிறதே, அது?

#19 கேஜ்ராஜா

அதில் மட்டும் நான் ஸ்பேனர் அண்ணன் பக்கம். காற்றும் ஈரமும் பட்ட இடத்தில் இறுகுவதுதான் அதன் வேலை. உள்ளே ஈரம் இருந்தால் வால்விலேயே இறுகிவிடும். ஒரு தடவை என் மெஷினையே அடைத்துவிட்டது. அன்று முதல் வண்டி வந்தால் சீலன்ட் போட்டீர்களா என்றுதான் முதலில் கேட்பேன்.

#20 நாலாம்கியர்

போய்விட்டு வந்தேன். வேறு ஒர்க்‌ஷாப். ஐடென்டிஃபையர் வைத்தார்கள், சுத்தமான 134ஏ, ஆனால் கொஞ்சம் காற்று இருக்கிறது என்றது. மெஷின் திரையில் கிராம் ஏற ஏறப் பார்த்துக்கொண்டே நின்றேன். 300, 400, 470. அங்கே நின்றுவிடும் என்று நினைத்தேன். 500. 560. கடைசியில் 640இல் நின்றது. 170 கிராம் அதிகம்! இதில் இன்னொரு கேன் போட இருந்தேன்.

வேக்யூம் நாற்பது நிமிடம். முள் அசையவில்லை. 470 கிராம் தராசில் வைத்து உள்ளே விட்டார்கள். எடுத்தபோது கூடவே வந்த ஆயிலை அளந்து அதே அளவு புது பிஏஜி 46 விட்டார்கள். கண்ணாடி இறக்கி, ஃபேன் முழு வேகம், இன்ஜின் 1,500 சுற்றில் வைத்து, நடு வென்ட்டில் தெர்மாமீட்டர் சொருகினோம். 8 டிகிரி. லோ சைடு 31, ஹை சைடு 210. திரும்பி வரும்போது ஒவ்வொரு சிக்னலிலும் வேண்டுமென்றே மெதுவாகக் கிளம்பினேன். ஜில் குறையவே இல்லை.

#21 கேஜ்ராஜா

640ஆ! ஓவர்சார்ஜ் என்று தெரிந்தது, இவ்வளவு என்று நினைக்கவில்லை. நான் சொன்னபடி 35 வரும்வரை வெளியே விட்டிருந்தால் ஃபேன் கோளாறு அப்படியே இருந்திருக்கும், கேஸும் எவ்வளவு போனது என்று தெரிந்திருக்காது. ஒத்துக்கொள்கிறேன்.

#22 பழையஸ்பேனர்

முதல் ஒர்க்‌ஷாப்காரன் போட்டதும் கொஞ்ச நாள் நன்றாக இருந்தது என்றாயே, அது வெயில் குறைந்த நாட்களாக இருந்திருக்கும். அளவுக்கு மேல் போட்டால் திரவம் கண்டென்சரின் அடிப்பகுதியை நிரப்பிவிடும், வாயு திரவமாக மாற இடமே இருக்காது. அதோடு ஃபேனும் சுற்றாவிட்டால் ஹை சைடு 400ஐ ஒட்டி ஏறி அழுத்த சுவிட்ச் கிளட்சை வெட்டும். உன் கம்ப்ரசர் தப்பித்தது அதிர்ஷ்டம். அடுத்த கோடையில் வென்ட் வெப்பநிலையை ஒருமுறை அளந்து பார். அதே 8 பக்கத்தில் இருந்தால் யார் சொன்னாலும் கேஸ் போடாதே. இது இன்ஜின் ஆயில் இல்லை, வருடா வருடம் மாற்ற.

#23 நாலாம்கியர்

எல்லோருக்கும் நன்றி. திறக்காத அந்தக் கேன் இன்னும் டிக்கியில் கிடக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?

#24 பழையஸ்பேனர்

முதலில் டிக்கியில் இருந்து எடு! வெயிலில் நிறுத்திய வண்டி உள்ளே 60 டிகிரிக்கும் போகும். அந்தக் கேனில் 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று போட்டிருக்கும், படித்துப் பார். நிழலில், காற்றோட்டமான இடத்தில் வை. 134ஏ வண்டி வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிடு, ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு.

#25 சும்மாவந்தவன்

மாமா பையனுக்குக் கொடுத்துடாதீங்க.